பிறப்புச் சான்று இல்லாத மகிழுந்து



அமெரிக்காவில் பழைய மகிழுந்துகளை வாங்கி விற்போர் வெளியிடும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். ‘1964ஆம் ஆண்டுப் பான்டியாக் ஜி.டி.ஓ., முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, விற்பனைக்கு’ என்று தொடங்கும். கண்ணாடிபோல் மின்னும் சாயம், புதிய இருக்கை உறைகள், துடைத்து வைத்த இயந்திரம் எனப் படங்கள் வரிசையாக நிற்கும். விலையோ நம் ஊரில் ஒரு நல்ல வீட்டுக்கு முன்பணம் கட்டும் அளவுக்கு இருக்கும்.

விவரம் அறிந்தவர் அப்படங்களைப் பார்த்து மயங்குவதில்லை. அவர் கேட்கும் முதல் கேள்வி, “இது உண்மையாகவே ஜி.டி.ஓ.தானா?” என்பதாகும். வியப்பு என்னவெனில், அந்தக் கேள்விக்கு அந்த மகிழுந்தால் விடை கூற இயலாது. அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணிலும் அதற்கு விடை இல்லை. ஏன் இல்லை என்று தேடிப் போனால், 1963ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் நடந்த ஒரு தந்திரத்தில் போய் நிற்போம். வரலாறு கற்பிக்கும் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய கதை என்பதால் அதனை இங்கே விரிவாக எழுதுகிறேன். மகிழுந்துகளில் ஆர்வம் இல்லாதவர்களும் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தடையும் தந்திரமும்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அக்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய மகிழுந்து நிறுவனம். செவ்ரலே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், காடிலாக் என்னும் ஐந்து பிரிவுகளில் அது மகிழுந்துகளைத் தயாரித்தது. அவற்றுள் பான்டியாக், பந்தயங்களின் வழியாக இளைஞர்களிடையே பெயர் எடுத்த பிரிவாகும். புகழ் பெற்ற டேட்டோனா 500 பந்தயத்தில் 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்றவை பான்டியாக் மகிழுந்துகளே.

1963 ஜனவரியில் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. இனி எந்தப் பிரிவும் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்பதே அவ்வாணை. பான்டியாக்கின் விளம்பரத்துக்கு வேராக இருந்தது ஒரே நாளில் அறுபட்டது. இதனுடன் மற்றொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவு மகிழுந்துகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பொருத்தக் கூடாது. 330 கன அங்குலம் என்பது ஏறக்குறைய 5.4 லிட்டர். நம் சாலைகளில் ஓடும் பெரோடுவா மைவியின் இயந்திரம் 1.3 அல்லது 1.5 லிட்டர்தான் என்பதை நினைவிற் கொண்டால், அமெரிக்கர்கள் அன்று எந்த அளவைச் ‘சிறியது’ என்று கருதினார்கள் என்பது விளங்கும்.

அப்போது பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டெலோரியன். அவருடன் பில் காலின்ஸ், ரஸ் கீ என்னும் பொறியாளர்கள் பணியாற்றினர். பான்டியாக்கின் நடுத்தர மகிழுந்தான டெம்பஸ்டில் 326 கன அங்குல இயந்திரம் பொருத்தப்பட்டு வந்தது. பெரிய மகிழுந்துகளுக்கு உரியது 389 கன அங்குல இயந்திரம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர். இவ்விரண்டும் உள்ளளவில் வேறுபட்டாலும் வெளியளவில் ஒன்றே. ஒன்றைத் தாங்கும் தாங்கிகளிலேயே மற்றொன்றும் உட்கார்ந்துவிடும். இலகுவான உடலில் கனத்த இயந்திரத்தை வைத்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

ஆனால் விதி குறுக்கே நின்றது. புதிய மகிழுந்து வகை ஒன்றை வெளியிட வேண்டுமானால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும், கேட்டால் கிடைக்காது. வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் விருப்பப் பொருள்களுக்கோ அத்தகைய ஒப்புதல் தேவையில்லை. வானொலி வேண்டுமா, குளிர்சாதனம் வேண்டுமா என்று கேட்கும் பட்டியலில் ஒரு வரியாக இந்த இயந்திரத்தையும் சேர்த்துவிட்டால் விதியை மீறியதாகாது! பான்டியாக் அதைத்தான் செய்தது. டெம்பஸ்ட் லெமான்ஸ் என்னும் மகிழுந்தை வாங்குபவர், 300 டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கூடுதலாகக் கட்டினால் ‘ஜி.டி.ஓ.’ என்னும் தொகுப்பைப் பெறலாம். அதில் 389 இயந்திரம், தரையில் அமைந்த கியர்த் தண்டு, இரட்டைப் புகைக்குழாய், இறுக்கமான சுருள்வில்கள், போலிக் காற்றுத் துளைகள் கொண்ட பானட், ஜி.டி.ஓ. சின்னங்கள் ஆகியவை அடங்கும்.

பான்டியாக்கின் தலைவர் பீட் எஸ்டீஸ் இதற்குத் துணிந்து இசைந்தார். விற்பனைப் பிரிவினருக்கோ நம்பிக்கை இல்லை. 5,000 வாகனங்கள் போதும் என்று வரம்பு கட்டினார்கள். அந்த முதல் ஆண்டில் விற்பனையானவை 32,450. அவற்றுள் நடுத்தூண் இல்லாத கூரை வகை 18,422, தூணுடன் கூடியது 7,384, திறந்த கூரை வகை 6,644. தலைமையகம் கண்டித்திருக்கலாம், ஆனால் இவ்வளவு பணம் வரும்போது யார் கண்டிப்பார்? விதிதான் தளர்ந்தது. ‘மசல் கார்’ என்று பின்னாளில் அழைக்கப்பட்ட வகை, அதாவது நடுத்தர உடலில் மிகப் பெரிய இயந்திரத்தை வைத்து இளைஞர் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்ட வகை, இவ்வாறுதான் பெருவழக்காயிற்று.

தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்ட பொய்கள்

இந்த மகிழுந்தின் பெயரே இரவல் பெயர். ‘கிரான் டுரிஸ்மோ ஒமொலொகாட்டோ’ என்னும் இத்தாலியத் தொடரின் சுருக்கம்தான் ஜி.டி.ஓ. பந்தயத்துக்குத் தகுதிச் சான்று பெற்ற மகிழுந்து என்பது அதன் பொருள். ஃபெராரி நிறுவனம் தன் பந்தய வாகனத்துக்கு இட்டிருந்த பெயர் அது. பந்தயத்தில் ஈடுபடவே தடை விதிக்கப்பட்ட ஒரு பிரிவு, பந்தயத் தகுதியைக் குறிக்கும் பெயரைத் தன் மகிழுந்துக்குச் சூட்டிக்கொண்டது. பக்கவாட்டில் இருந்த சின்னத்தில் ‘6.5 லிட்டர்’ என்று எழுதியிருந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் 389 கன அங்குலம் 6.4 லிட்டரைத் தாண்டாது. இயந்திரம் காட்டாத அளவைச் சின்னம் காட்டியது.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1964 மார்ச்சு மாதக் ‘கார் அண்டு டிரைவர்’ இதழ், பான்டியாக் ஜி.டி.ஓ.வையும் ஃபெராரி ஜி.டி.ஓ.வையும் ஒப்பிட்டு எழுதியது. உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிரே ஓடவே இல்லை. அட்டையில் இருந்ததும் ஓவியம்தான். இதழாளர்கள் ஓட்டிப் பார்த்த பான்டியாக், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியதாக எழுதினார்கள். நாடே வியந்தது, கடைகளில் கூட்டம் கூடியது. பல ஆண்டுகள் கழித்து, பான்டியாக்கின் விளம்பரப் பணியில் முன்னின்ற ஜிம் வேங்கர்ஸ் தம் நினைவு நூலில் ஓர் உண்மையை வெளியிட்டார். சோதனைக்குக் கொடுத்த வாகனத்தில் இருந்தது 389 இயந்திரம் அன்று. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாத 421 கன அங்குல இயந்திரத்தை அதில் மாற்றி வைத்திருந்தார்கள்!

இந்த நிகழ்வை நான் ஒரு காரணத்தோடு சொல்கிறேன். பின்னாளில் ஏமாற்றுக்காரர்கள் ஜி.டி.ஓ.வைப் போலியாகச் செய்தார்கள் என்று பலர் வருந்துவதுண்டு. முதற்போலி உற்பத்தியாளர் வீட்டிலிருந்தே புறப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. அச்சில் வந்தது, அதுவும் அந்தக் காலத்திலேயே வந்தது என்பதற்காக ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

எழுச்சியும் வீழ்ச்சியும்

1965இல் 75,352, 1966இல் 96,946 என விற்பனை ஏறியது. 1966இல்தான் ஜி.டி.ஓ. தனி வகையாக அறிவிக்கப்பட்டுத் தனக்கென்று ஓர் எண் வரிசையைப் பெற்றது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். மற்ற நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின. கிறைஸ்லர் நிறுவனம் 1966இல் தன் 426 கன அங்குல ‘ஹெமி’ இயந்திரத்தைச் சாலை மகிழுந்துகளிலும் பொருத்தியது. 1970இல் செவ்ரலேயின் செவெல் வகையில் 454 கன அங்குல, 450 குதிரைத்திறன் இயந்திரம் வந்தது. அதுவே உச்சம்.

வீழ்ச்சி நான்கு பக்கங்களிலிருந்தும் வந்தது. முதலில், காப்புறுதி நிறுவனங்கள். இளைஞர்கள் ஓட்டும் இத்தகைய வாகனங்களுக்குக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தின. அடுத்து, 1970 டிசம்பர் 31ஆம் நாள் கையெழுத்தான தூய காற்றுச் சட்டம். புகையைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தால் ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் தன் இயந்திரங்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது, திறனும் குறைந்தது. மூன்றாவதாக, 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை. நான்காவதாக, சாலைப் பாதுகாப்பைப் பற்றி 1960களின் நடுவிலிருந்தே வளர்ந்து வந்த மக்களின் அச்சம்.

பழைய மகிழுந்துகளைப் போற்றி எழுதுவோர் இந்த நான்காவது காரணத்தை விரைந்து கடந்துவிடுவார்கள். நாம் அப்படிச் செய்யலாகாது. 1972ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 54,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தனை இழப்புக்கும் இந்த வகை மகிழுந்துகளே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும் 1964 ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. முன்சக்கரங்களுக்கான டிஸ்க் பிரேக் 1967இல்தான் வந்தது, அதுவும் கூடுதல் பணத்துக்கு. ஓடுவதற்குக் கொடுத்த வலிமையை நிறுத்துவதற்குக் கொடுக்கவில்லை. இதுவும் அந்த மகிழுந்தின் வரலாறுதான்.

1974இல் ஜி.டி.ஓ. என்ற பெயர் சிறிய மகிழுந்து ஒன்றில் ஒட்டப்பட்டு, 7,058 வாகனங்களோடு முடிவுக்கு வந்தது. 2004 முதல் 2006 வரை ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மகிழுந்து ஒன்று அதே பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்டது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் பான்டியாக் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. 2010இல் அது மறைந்தது. இன்று ஒரு பழைய ஜி.டி.ஓ.வைப் பற்றிக் கேட்க அதன் தாய் வீடே இல்லை.

துருவும் புதுப்பித்தலும்

எழுபதுகளில் இந்த மகிழுந்துகளுக்கு மதிப்பில்லை. எண்ணெய் குடிக்கும் பழைய வாகனம் என்று மலிவாகக் கைமாறின. வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, தகட்டை அரித்துத் தின்றது. பல வாகனங்கள் பழைய இரும்புக்குப் போயின. பின்னர் 1964இல் இளைஞர்களாக இருந்தவர்கள் நடுவயதை அடைந்தார்கள். கையில் பணம் இருந்தது. இளமையில் வாங்க முடியாமற் போனதை இப்போது வாங்க விரும்பினார்கள். விலை ஏறியது. பட்டறைகள் பெருகின.

முறையான புதுப்பித்தல் என்பது சாயம் பூசுவதோடு முடிவதில்லை. 1964 ஜி.டி.ஓ.வுக்கு உடலும் அடிச்சட்டமும் தனித்தனி. உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கிப் பிரித்து, ஒவ்வொரு திருகையும் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதிய தகட்டைப் பற்றவைப்பார்கள். தரை, பின்பெட்டியின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவுகள் ஆகியவைதாம் முதலில் அரிக்கும் இடங்கள். நேர்மையற்ற பட்டறை, தகட்டை மாற்றாமல் ஓட்டையைப் புட்டியால் அடைத்துச் சாயத்தால் மூடிவிடும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டு செல்கிறார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் சாயத்தின் அடியில் இரும்பு இல்லை என்று பொருள்.

நேர்மையான புதுப்பித்தலிலும் ஓர் இழப்பு உண்டு. அக்காலத்தில் ஆலையில் பூசப்பட்டது அக்ரிலிக் லாக்கர் சாயம். அவசர வேலையில் அங்கங்கே சொரசொரப்பும் தெறிப்பும் இருந்தன. இன்றைய பட்டறை பூசும் இரட்டை அடுக்குச் சாயமோ கண்ணாடிபோல் பளபளக்கிறது. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அந்த வாகனம் அவ்வளவு அழகாக இருந்ததில்லை! தொழிலாளி கைப்படச் சுண்ணக்கட்டியால் எழுதிய குறிகள், முதல் உரிமையாளர் ஏற்படுத்திய கீறல், இருக்கையின் தேய்வு எல்லாம் துடைக்கப்பட்டுவிடுகின்றன. அவை அழுக்குகள்தாம், ஆனால் அவையே சாட்சிகளும் ஆகும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றைக் கூற வேண்டும். 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற ஃபோர்ட் மஸ்டாங், 1974இல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்திடம் சேர்ந்தது. மெக்வீனே 1977இல் கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் விற்கவில்லை. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிசிமி நகரில் அது ஏலத்துக்கு வந்தபோது, மங்கிய சாயமும் துருவும் அப்படியே இருந்தன. படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்தச் செய்த மாற்றங்களின் தடயங்களும் இருந்தன. ஏலத்தில் 34 இலட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. கட்டணங்களோடு சேர்த்து விலை 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலர். அதனைப் புதுப்பித்திருந்தால் சாட்சியங்கள் அழிந்திருக்கும்.

எல்லா மகிழுந்துகளையும் அவ்வாறே விட்டுவிட இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரை அரித்துப் போன வாகனத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அது மண்ணோடு மண்ணாகும். எனவே புதுப்பிக்கலாமா கூடாதா என்பதைவிட, என்ன மாற்றினோம் என்பதை எழுதி வைத்தோமா என்பதே முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

எண் சொல்வதும் சொல்லாததும்

இப்போது நம் முதற்கேள்விக்கு வருவோம். 1964 பான்டியாக்கின் இடப்பக்க முன்கதவுத் தூணில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் பொறித்த எண்ணின் முதல் இலக்கம் எட்டுச் சிலிண்டர் என்பதையும், இரண்டாவது லெமான்ஸ் வரிசை என்பதையும், மூன்றாவது 1964ஆம் ஆண்டு என்பதையும் கூறும். அடுத்து ஆலையைக் குறிக்கும் ஓர் எழுத்தும் வரிசை எண்ணும் வரும். ஜி.டி.ஓ. என்ற செய்தி அதில் எங்கும் இல்லை. எப்படி இருக்கும்? ஜி.டி.ஓ. என்பது அன்று ஒரு மகிழுந்து வகையே அன்று. விருப்பப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. சாதாரண 326 இயந்திரத்தோடு வெளிவந்த லெமான்ஸின் எண்ணும் இதே அமைப்பில்தான் இருக்கும்.

இப்போது தந்திரத்தின் முழு விளைவும் புலப்படுகிறது. தலைமையகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மறைத்தார்கள். அது வருங்காலத்தின் கண்ணுக்கும் தெரியாமற் போயிற்று. இரண்டு இயந்திரங்களும் வெளியளவில் ஒன்று என்பது அன்று பொறியாளருக்கு வசதியாக இருந்தது; பின்னாளில் போலி செய்வோருக்கும் அதே வசதி கிடைத்தது. ஒரு சாதாரண லெமான்ஸை வாங்கி, வேறொரு வாகனத்தின் 389 இயந்திரத்தை வைத்து, புதிய சின்னங்களை ஒட்டினால் ஜி.டி.ஓ. தயார். 1966 முதல் எண்ணிலேயே வகை தெரிவதால் அந்த ஆண்டு முதலான வாகனங்களில் இந்த ஏமாற்று எளிதன்று. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குத்தான் இந்தச் சிக்கல்.

நம் நாட்டில் பழைய மகிழுந்து வாங்கும்போது, ‘கிராண்ட்’ என்று நம் மக்கள் வழங்கும் உரிமைப் பத்திரத்தில் உள்ள இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் அல்லவா? 1964 ஜி.டி.ஓ.வில் அந்த வழியும் நேராக உதவாது. இயந்திரத்தில் உள்ள குறியீடு அது எவ்வகை இயந்திரம் என்பதைக் கூறும். அதனுடன் உள்ள எண் இயந்திரத்துக்கே உரிய எண். மகிழுந்தின் எண்ணை அது திருப்பிச் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்பதைக் காட்ட மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தச் சாட்சி காகிதம்தான். ஒவ்வொரு வாகனத்தையும் விற்பனையாளருக்கு அனுப்பும்போது ஆலை ஒரு கணக்குச் சீட்டு எழுதியது. அதில் மகிழுந்தின் எண், இயந்திரத்தின் எண், வாடிக்கையாளர் கேட்ட விருப்பப் பொருள்கள் எல்லாம் பதிவாயின. பான்டியாக்கின் இந்தப் பதிவுகள் நுண்படச் சுருள்களில் காக்கப்பட்டன. ‘பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்’ என்ற அமைப்பின் வழியாக அவற்றின் நகல்கள் உரிமையாளர்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. அந்த நகலில் ஜி.டி.ஓ. என்னும் விருப்பப் பொருள் பதிவாகி இருந்தால் அது ஜி.டி.ஓ.; இல்லையேல் எத்தனை சின்னங்கள் மின்னினாலும் அது லெமான்ஸ்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய மகிழுந்தின் கண்ணாடியில் விலையையும் விருப்பப் பொருள்களையும் குறித்து ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதனைக் கிழித்து எறியாமல் வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சிலவே.

வேறு சில மகிழுந்துகளில் இன்னும் சுவையான சாட்சி கிடைக்கிறது. எந்தப் பாகத்தைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லும் உற்பத்தித் தாள் ஒன்று ஆலையில் வாகனத்தோடு கூடவே நகர்ந்து செல்லும். வேலை முடிந்ததும் அது குப்பை. சில தாள்கள் இருக்கையின் சுருள்வில்களுக்கு இடையிலோ எண்ணெய்த் தொட்டியின் மேற்புறத்திலோ சிக்கி அங்கேயே தங்கிவிட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிப்போர் இருக்கையைப் பிரிக்கும்போது, மடங்கி மஞ்சளித்த அந்தத் தாள் கிடைத்தால் அவர்களுக்குப் புதையல் கிடைத்தது போலாகும்.

போலி எப்போது பொய்யாகிறது?

ஒரு லெமான்ஸை ஜி.டி.ஓ. போல மாற்றுவது குற்றமா? இல்லை என்பதே என் கருத்து. அந்தத் தோற்றத்தை விரும்பும் ஒருவர், “இது லெமான்ஸாகப் பிறந்தது, ஜி.டி.ஓ. போல ஆக்கியிருக்கிறேன்” என்று வெளிப்படையாகக் கூறிக் குறைந்த விலைக்கு விற்றால் அதில் தீங்கில்லை. பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவதும் அப்படியே. அசல் தன்மை குறைகிறது. உயிருக்குப் பாதுகாப்பு கூடுகிறது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெற்றோர் எதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

மாற்றியதை மறைத்து விற்கும்போதுதான் அது பொய்யாகிறது. ஓய்வு பெற்றவர் ஒருவர் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஜி.டி.ஓ. என்று நம்பி வாங்கியது லெமான்ஸ் என்று தெரிய வந்தால், அவர் இழப்பது பணம் மட்டுமன்று. அந்த வாகனத்தைப் பற்றி அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையும் பொய்யாகிப் போகிறது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

முதன்மை மூலம், இரண்டாம் நிலை மூலம் என்று வரலாற்றுப் பாடத்தில் கற்பிக்கிறோம். மாணவர்கள் விளக்கத்தை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். மூலத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதோ அவர்களுக்கு எளிதில் கைவருவதில்லை. ஜி.டி.ஓ.வின் கதையை அதற்குப் பயன்படுத்தலாம் என்பது என் பரிந்துரை. சின்னம், இதழ்க் கட்டுரை, கதவுத் தூணின் எண், கணக்குச் சீட்டு, விற்பனை அறிவிப்பு என்னும் ஐந்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இதை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? யாருக்காக, எதற்காக எழுதினார்?

விடைகளை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை தானே விளங்கும். இதழ்க் கட்டுரையும் சின்னமும் 1964ஆம் ஆண்டுக்கே உரியவை. ஆகவே முதன்மை மூலங்கள். ஆயினும் அவை பிறரை நம்பவைப்பதற்காகப் பிறந்தவை, இரண்டும் மிகைப்படுத்தின. கணக்குச் சீட்டு, விற்பனையாளரிடம் பணம் வாங்குவதற்காக எழுதப்பட்டது. உற்பத்தித் தாள், எந்தப் பாகத்தைப் பொருத்துவது என்று தொழிலாளிக்குச் சொல்ல எழுதப்பட்டது. எதிர்காலத்தில் எவரையும் நம்பவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவற்றை எழுதியவருக்கு இல்லை. ஆகவேதான் அவற்றை நாம் கூடுதலாக நம்புகிறோம். காலத்தால் பழையது என்பது மட்டும் போதாது, நோக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்கள் இதன்வழி உணர்வார்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இறுதியாக ஒரு வேண்டுகோள். பள்ளிக் கட்டடத்துக்குப் புதிதாகச் சாயம் பூசும்போதும், பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு இடம் மாறும்போதும், அலமாரிகளைக் காலி செய்கிறோம். கரையான் தொட்ட வருகைப் பதிவேடுகள், மாணவர் சேர்க்கைப் புத்தகங்கள், கட்டண இரசீதுகள் முதலியவை குப்பைக்குப் போகின்றன. அவற்றை எழுதிய ஆசிரியர் தாம் வரலாறு எழுதுவதாக நினைக்கவில்லை. அன்றைய கடமையைச் செய்தார். அந்தத் தோட்டத்தில் யார் யார் வாழ்ந்தார்கள், எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதற்கு நாளை அவையே சாட்சியாகலாம். எறிவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். இயன்றால் படம் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டில் எந்தக் கட்டடத்தில் என்ன மாற்றினோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

இந்தப் பயிற்சியை வகுப்பில் செய்து பார்க்கும் ஆசிரியர்கள், மாணவர்கள் கூறிய விடைகளை எனக்கும் எழுதினால் மகிழ்வேன்.